சார்ஜருக்கு ஒரு சுவர்

“சார், கடைசியாக் கேக்குறேன். எந்தச் செவுரு?”

கோகுல் டிரில்லிங் மிஷினைத் துப்பாக்கி மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கார் செட்டின் நடுவில் நின்றான். சார்ஜர் மாட்டிக்கொடுக்க மதுரைக் கடையிலிருந்து அனுப்பிய ஆள். காலை எட்டு மணிக்கு வந்தவன். இப்போது பத்தரை. இதுவரை நடந்த வேலை ரெண்டு டம்ளர் காப்பி, ஒரு பென்சில் கோடு. அந்தக் கோட்டையும் வீட்டுக்காரம்மா முருகலட்சுமி முந்தானையால் துடைத்துவிட்டாள்.

வீட்டுக்காரர் தவசி மூன்று சுவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். நாலாவது பக்கம் ஷட்டர். வாலிப வயதில் கிணறு வெட்டப் போனவர் அவர். பந்தல்குடியிலிருந்து திருச்சுழி வரைக்கும் அவர் இறங்காத கிணறு கொஞ்சம்தான். எந்த இடத்தில் கடப்பாரையை இறக்கினால் பாறை வாய் பிளக்கும் என்று மேலே நின்றே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு, ஒரு தூக்குவாளி அளவு சாமானை மாட்ட இடம் பிடிபடவில்லை.

விஷயம் சின்னது, ஆனால் மானப் பிரச்சினை.

தவசிக்கு ஒரே மகள் ரேணுகாதேவி. கட்டிக்கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை மதன்குமார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அதிர்ந்து பேசத் தெரியாத பிள்ளை. மறுவீட்டுக்கு வந்தபோது மூன்று நாள் தங்கினார்கள். அந்த மூன்று நாளும் தவசி வீட்டு அடுப்பு அணையவில்லை. மாப்பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடப் பங்காளிகள், பங்காளிகளோடு சாப்பிட அவர்கள் பிள்ளைகள், பிள்ளைகளைத் தேடிவந்த பொம்பளைகள் என்று வேளைக்கு இருபது இலை. இன்றைக்கும் அதைச் சொல்லும்போது தவசி மீசையைத் தடவிக்கொள்வார்.

அதற்கப்புறம்தான் மாப்பிள்ளை கரண்டுக் கார் வாங்கினார். காரில் வந்தது ஐந்து தடவை. ஐந்து தடவையும் காலையில் வந்து, மத்தியானம் சாப்பிட்டு, வெயில் தணிகிறதுக்கு முன்னால் கிளம்பிவிட்டார்கள். இருங்க என்றால், “சார்ஜு நிக்காது மாமா. பொழுதோட போய் பைபாஸுல ஏத்துனாத்தான் ஊரு போய்ச் சேரலாம்” என்பார். காரைக் காட்டிச் சொன்னால் தவசி என்ன பதில் சொல்ல முடியும்? டிராக்டர் என்றால் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போடுவார். இது மூடியைத் திறந்தால் எஞ்சினே இல்லாத வண்டி. மகள் தலையில் வைத்த பூ வாடுமுன்னே தெருமுனையில் கார் திரும்பிவிடும். தவசி கையைத் தூக்கினது தூக்கினபடி நிற்பார்.

ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் பங்காளி பால்சாமி கேட்டேவிட்டார்.

“ஏம்ப்பா தவசி, ஒம் மருமகன் ஒன் வீட்டுல ஒரு ராத்திரி கால நீட்டிப் படுக்க மாட்டேங்கிறாகளே, என்ன, மூட்டப்பூச்சியா?”

அன்றையிலிருந்து தவசி அந்த டீக்கடைப் பக்கமே போகவில்லை.

வருகிற சனிக்கிழமை ஊரில் மாரியம்மன் பொங்கல். நாலு நாள் கொண்டாட்டம். இன்றைக்கு வியாழன். மாப்பிள்ளையிடம் மூச்சுவிடாமல், மதுரைக்குப் போய், அந்தக் காருக்குத் தோதான சார்ஜரை வாங்கிவந்துவிட்டார். கரண்டு ஆபீசுக்கு எட்டு நடை நடந்து வீட்டு லைனுக்கு லோடும் கூட்டியாகிவிட்டது. இனி ஒரு சுவர்தான் பாக்கி.

“எடது பக்கச் செவுருல மாட்டுங்க தம்பி. நான் சொல்றேன், போடுங்க.”

கோகுல் மிஷினைத் தூக்கினான்.

“அங்கிட்டு வத்தல் மூட்டையில்ல அடுக்கியிருக்கு?” என்றாள் முருகலட்சுமி. அவள் செட்டு வாசலில் சாக்கை விரித்து, மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. “கரண்டு சாமான். ஒரு பொறி விழுந்தாப் போதும், ஒரு வருசத்து வெள்ளாமையும் புகையாப் போயிரும். அப்புறம் தெருவே இருமிக்கிட்டுத்தான் திரியணும்.”

“பொறியெல்லாம் வராதும்மா” என்றான் கோகுல்.

“வந்துட்டா நீங்க மதுரையில இருப்பீக.”

தவசிக்கு அதில் நியாயம் இருப்பது போலத்தான் பட்டது. “அப்ப மூட்டையத் தூக்கி வீட்டுக்குள்ள போட்ருவோம்.”

“எங்க? பட்டாசாலையிலயா? அப்ப மாப்ள எங்க படுப்பாக? ராப்பூராம் தும்மிக்கிட்டே கெடக்கவா ஆறு மணி நேரம் கார ஓட்டிட்டு வாராக?”

தவசி கையை உதறினார். “சரி, விடு. பின்செவுரு. அதுல ஒரு ஆணி கூடக் கெடையாது. சுத்தமா இருக்கு. போடுங்க தம்பி.”

கோகுல் பின்சுவரில் புதிதாகக் கோடு போட்டான்.

“ஏன் ஆணி இல்லன்னு ரோசிச்சீகளா?” என்றது வாசல் பக்கத்துக் குரல்.

தவசி கண்ணை மூடிக்கொண்டார். ஞாபகம் வந்துவிட்டது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சாமி அறை. சுவரோடு ஒட்டிப் பலகை போட்டு, அதன்மேல் குலசாமி பெட்டி. வருஷத்துக்கு ஒரு தடவை, மாசிக் களரித் திருவிழாவுக்குத்தான் அதை இறக்குவார்கள். மற்ற நாளில் அதன் நிழலைக்கூட மிதிக்கமாட்டார்கள்.

“சாமி முதுகுல டிரில்லு போடப்போறீகளா? போடுங்க. நமக்கென்ன. அய்யனாரு ஒங்க கனவுலதான வருவாரு.”

கோகுல் பயந்துபோய் தானே அழிரப்பரால் கோட்டை அழித்தான். மிஷினையும் கீழே வைத்துவிட்டான். “சார், எனக்கு மத்தியானம் விருதுநகர்ல இன்னொரு சைட்டு இருக்கு. இன்னைக்கு விட்டா அடுத்த மாசம்தான் டேட்டு கெடைக்கும்.”

“அடுத்த மாசமா? பொங்கலு சனிக்கெழம தம்பி!”

“அப்ப செவுரச் சொல்லுங்க.”

தவசி பெண்டாட்டி பக்கம் திரும்பினார். முப்பது வருஷத்துக் கோபமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. “அது ஆகாது, இது ஆகாதுன்னா ஆகுறதச் சொல்லேன்டி! நீயே சொல்லு. எங்க போட?”

முருகலட்சுமி ஒரு பிடி காம்பை அள்ளி ஓரத்தில் போட்டாள். “வலது பக்கந்தான் வெறுஞ்செவுராக் கெடக்கு. பால்சாமி மச்சான் வீட்டுச் செவுரு. மச்சான் என்ன சொல்லப்போறாக?”

இத்தனை நேரத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. தவசி துள்ளிவிட்டார். “இத எட்டு மணிக்கே சொல்லியிருக்கலாம்ல? போடுங்க தம்பி!”

அது பொதுச் சுவர். தவசியின் அப்பாவும் பால்சாமியின் அப்பாவும் அண்ணன் தம்பிகள். பாகம் பிரித்தபோது ஒரே வீட்டைக் குறுக்கே தடுத்துக் கட்டிய சுவர் அது. சிக்கனமாகக் கட்டிய சுவர். எவ்வளவு சிக்கனம் என்பது கோகுலின் மிஷினுக்குத்தான் முதலில் தெரிந்தது. மூன்றாவது ஓட்டை போடும்போது மிஷின் தடங்கல் இல்லாமல் சர்ரென்று உள்ளே போனது. அந்தப் பக்கம் கண்ணாடி நொறுங்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு பொம்பளை வீலென்று கத்தினாள்.

ஒரு நிமிஷத்தில் பால்சாமி வந்துவிட்டார். கக்கத்தில் பெரிய போட்டோ. செத்துப்போன அவர் அப்பாவின் படம். சரியாக நெற்றியில், பொட்டு வைக்கிற இடத்தில், ஓட்டை.

“ஏலே தவசி! எங்கய்யா ஒனக்கு என்னல பாவம் பண்ணுனாரு?”

“அண்ணே, தெரியாம...”

“தெரியாமயா? குறிவச்ச மாதிரில்ல நெத்தியில போட்ருக்க! மனுசன் செத்துப் பதினாறு வருசம் ஆச்சு. இப்ப வந்து ரெண்டாந்தரம் கொல்லுறியே!”

“நாலரை இஞ்ச் செவுருன்னு யாருமே சொல்லல சார்” என்றான் கோகுல்.

“நீ யாருப்பா சுட்டவன்?”

கோகுல் தவசியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

பால்சாமி வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார்கள். இது சாதாரண ஓட்டையா, வம்சத்துக்கே ஆகாத ஓட்டையா என்று முக்கால் மணி நேரம் பேச்சு நடந்தது. கடைசியில் பால்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

“செவுருல இனி ஒரு ஊசி எறங்கக் கூடாது. அது ஒண்ணு. பொங்கல் நாலு நாளும் எங்க வீட்டுல ஒல வைக்க மாட்டோம். எல்லாரும் ஒன் வீட்டுலதான், மாப்ளையோட ஒக்காந்து கைநனைப்போம். அது ரெண்டு. பங்காளிக்குள்ள மனத்தாங்கல் இல்லன்னு ஊருக்குத் தெரியணும்ல?”

“இதென்னண்ணே கேட்டுக்கிட்டு! அது நம்ம வீடு” என்றார் தவசி. ஒரு சாப்பாட்டோடு போனதே என்று அவருக்கு மூச்சு வந்தது.

“எத்தன பேரு மச்சான்?” என்று கேட்டாள் முருகலட்சுமி.

“சின்னவ குடும்பத்தோட வந்துருக்கா. சேத்து ஒம்போது.”

“ஒம்போது” என்று திருப்பிச் சொன்னவள் வத்தல் சாக்கைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே கிரைண்டர் ஓடத் தொடங்கியது.

மூன்று சுவரும் போச்சு. தவசி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கோகுல் போனில் யாரிடமோ, “இல்ல சார், இன்னும் இங்கதான் சார், சொன்னா நம்பமாட்டீங்க சார்” என்று புலம்பிக்கொண்டிருந்தான்.

சட்டென்று தவசி நின்றார்.

“செவுருலதான் மாட்டணும்னு சட்டம் இருக்கா தம்பி?”

“இல்ல சார். கல்லு, தூணு, எதுவா இருந்தாலும் சரி. அசையாம நிக்கணும்.”

“அசையாம நிக்கணும். அம்புட்டுத்தான?”

தவசி டிராக்டரை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். வேலிக்கு ஊன்றாமல் மிச்சம் கிடந்த கல்லுக்கால் ஒன்று, ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், அதைத் தனியாளாகப் புரட்டி டிரெய்லரில் ஏற்றினார். ஐம்பத்தாறு வயதில் அது வேண்டாத வேலைதான். ஆனால் வீட்டில் பால்சாமி வேடிக்கை பார்க்கக் காத்திருந்தாரே.

செட்டுக்கு நடுவில் மூன்றடி பள்ளம் பறித்து, கல்லை இறக்கி, ஜல்லியும் சிமெண்டும் போட்டு இறுக்கினார். கல்லை ஆட்டிப் பார்த்தார். கல் ஆடவில்லை, தவசி ஆடினார்.

“யானையவே கட்டலாம்” என்றார் பெருமையாக.

“யானையக் கட்டலாம். காரு உள்ள வருமா?” என்று கேட்டார் பால்சாமி. அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

தவசி அடி வைத்து அளந்தார். கல்லுக்கு முன்னால் காரின் மூக்கு மட்டும்தான் உள்ளே வரும். பின்பாதி தெருவில் நிற்கும். ஷட்டரை இறக்க முடியாது.

“மூக்கு உள்ள இருந்தாப் போதும்ணே. மாடு காடியில திங்கிற மாதிரி நிக்கட்டும். வாலு வெளிய கெடந்தா யாரு தூக்கிட்டுப் போகப்போறா?”

“கார நெழலுல நிறுத்தத்தான செட்டுக் கட்டுன? இப்பக் கல்லு நெழலுல நிக்கும், காரு வெயில்ல நிக்கும். நல்லாருக்குடே.”

தவசி காதில் வாங்கவில்லை. சிமெண்டு இறுகினால் காலையில் மாட்டிவிடலாம். விருதுநகர் வேலை போனது போனதுதான் என்று கோகுல் மனதைத் தேற்றிக்கொண்டு அருப்புக்கோட்டையில் ரூம் போட்டுத் தங்கினான்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்ததும் அவன் அடுத்த குண்டைப் போட்டான்.

“எர்த்து போடணும் சார். வெளிய எட்டடிக்குக் குழி வெட்டி, பைப்பு எறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடணும். எர்த்து இல்லாம ஆன் பண்ணா மாப்ள கார்ல கை வைக்க முடியாது. தூக்கி எறிஞ்சிரும்.”

தவசி சிரித்தார். ரெண்டு நாளில் முதல் சிரிப்பு. “குழி தான? அத எங்கிட்ட விடுங்க தம்பி.” மம்பட்டியையும் கடப்பாரையையும் எடுத்துவந்தார். “எந்தப் பக்கம் வெட்ட?”

முருகலட்சுமி தலையில் ஒரு கட்டுத் தழையோடு ஆட்டுக்கொட்டடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நிற்காமலே சொன்னாள். “அந்த வேம்புக்கு மேக்கால வெட்டுங்க. அங்கதான் மண்ணு பொதுபொதுன்னு இருக்கும். ஓடைக்கல்லு கெடையாது.”

அவள் சொன்னது சரிதான். மற்ற இடமெல்லாம் பங்குனி வெயிலில் வெடித்துக் கிடந்தது. அந்த இடத்தில் மம்பட்டி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. இந்தக் கரட்டு மண்ணில் ஓரிடம் மட்டும் இப்படி இளகிக் கிடந்தால், அங்கே முன்னமே யாரோ தோண்டி மூடியிருக்கிறான் என்று அர்த்தம். கிணறு வெட்டியாகத் தவசி பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பார். அன்றைக்கு அவர் மாமனாராக மட்டும் வெட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது அடியில் கடப்பாரை எதிலோ குத்தியது. அடுத்த நொடியில் தண்ணீர் அவர் முகத்தில் அடித்தது.

பஞ்சாயத்துக் குடிதண்ணீர்க் குழாய். நாலு நாளைக்கு ஒரு தடவை, ஒன்றரை மணி நேரம் வருகிற தண்ணீர். அந்த வெள்ளிக்கிழமைதான் அந்த நாள். அதுதான் அந்த நேரம்.

“தண்ணி! தவசி வீட்டு வாசல்ல தண்ணி!”

எங்கிருந்துதான் வந்தார்களோ. குடம், தவலை, அண்டா, சோறு வடிக்கிற சட்டி, ஒரு புள்ளை குளிக்கிற பிளாஸ்டிக் டப்பைத் தூக்கிக்கொண்டு வந்தது. வரிசை நின்றார்கள். அப்புறம் வரிசைக்குச் சண்டை. முதல் ஆளாக நின்றவள் முருகலட்சுமி. எட்டுக் குடமும் ரெண்டு டிரம்மும் நிரப்பிவிட்டுத்தான் நகர்ந்தாள்.

தொட்டித் தண்ணீர் திறந்துவிடுகிற சின்னச்சாமி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

“யோவ், மேலத் தெருவுல ஒரு சொட்டு ஏறல! அங்க பொம்பளைக என்னைக் கிழிக்கிறாளுக! எவன்யா ஒடைச்சது?”

இடுப்பு வரை குழிக்குள் நின்ற தவசி, வழுக்கையில் சேறு வடிய, கையைத் தூக்கினார். தப்பிக்க இடமில்லை.

“நான்தான் சின்னச்சாமி. மாப்ளைக்கு எர்த்து போட்டேன்.”

“மாப்ளைக்கா?”

“மாப்ள காருக்கு.”

“ஊரு தாகத்துல கெடக்குது, ஒங்க காருக்குக் கெணறு வெட்டுறீகளா? நான் பிடிஓ ஆபீசுல எழுதிக் குடுக்கத்தான் போறேன்.”

தவசி குழிக்குள்ளிருந்தே கும்பிட்டார். “எழுதிராதப்பா. நம்ம பயகளக் கூட்டிட்டு வந்து ஒட்டிக் குடுத்துரு. நாளைக்குப் பொங்கலு. கெடா வெட்டுறேன். நீயும் வந்துரு, ஒட்டுற பயகளையும் கூட்டிட்டு வா. மாப்ளையோட ஒக்காந்து சாப்பிடுங்க.”

சின்னச்சாமி கொஞ்சம் யோசித்தார். “கெடாயா, கோழியா?”

“கெடாதாம்ப்பா.”

“எத்தன பேரு?” என்றாள் முருகலட்சுமி, இடுப்பில் குடத்தோடு.

“மூணே பேரு மதினி.”

“தம்பியும் வரணும்” என்று தவசி கோகுலைப் பார்த்துச் சொன்னார். “ரெண்டு நாளா எங்களோட லோல்படுறீக. சாப்பிடாமப் போகப்படாது.”

“மாப்ள ரெண்டு பேரு, நாம ரெண்டு பேரு, ஒம்போது, மூணு, இந்தத் தம்பி” என்று முருகலட்சுமி எண்ணினாள். “பதினேழு.”

“பொங்கலுன்னா அப்படித்தான்டி! வீடு நெறஞ்சாத்தான் அழகு.”

அவள் குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போனாள். இவளுக்கு மகள் மேல் ஆசையே இல்லையோ என்று தவசிக்கு ஆத்திரமாக வந்தது. போன மாதம் திருப்பூருக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டுக் கன்னத்தில் சதை போட்டுத் திரும்பினவள்தான். ஆடு மாட்டை விட்டு அவரால் போக முடியவில்லை. அவள் மட்டும் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள். அவருக்கு யார் இருக்கிறார்கள்? இந்தச் சார்ஜர்தான் இருக்கிறது.

குழாயை ஒட்டி முடிக்க மத்தியானமாகிவிட்டது. தவசி வேறு இடத்தில், இரும்பு மாதிரி இறுகிய தரையில், எட்டடியும் அவரே வெட்டினார். கை காப்புக் காய்த்திருந்தும் கொப்புளம் கண்டது. கோகுல் கல்லுக்காலில் டிரில் போட்டான். கல் நாலு முனையைத் தின்றது. கடைசியில் ஆட்டுக்கொட்டடி வாசலிலிருந்து இரும்புப் பட்டையைக் கழற்றிவந்து, கல்லைச் சுற்றி வளைத்து, போல்ட்டு போட்டு முறுக்கி, சார்ஜரை நிறுத்தினார்கள். பொழுது மேற்கே சாயும்போது கோகுல் சுவிட்சைப் போட்டான். பச்சை லைட்டு எரிந்தது.

தவசி சத்தம்போட்டுக் கூப்பிட்டார். “ஏ முருகலட்சுமி! வந்து பாரு! எரியுது!”

இடித்த மசால் அப்பிய கையோடு அவள் வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“கரண்டு நாலு நாளும் நிக்குமா தம்பி?” என்று கோகுலைக் கேட்டாள். “பொங்கலு சமயம், கரண்டு போகும்ல?”

“ஒரு ராத்திரி நின்னாலே போதும்மா. ஃபுல் ஆயிரும். அப்புறம் எத்தன நாள் வேணும்னாலும் ஜம்முனு இருந்துட்டுப் போகலாம்.”

“ஓ” என்றாள்.

“ஓன்னா என்ன? பெத்தவளுக்கு ஒரு சந்தோசம் வேணாம்?” என்று தவசி பொரிந்தார். “மூட்டப்பூச்சியான்னு கேட்டவன் வாய மூடுற சாமான்டி இது!”

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, ஓட்டை வழியாகப் பால்சாமி இருமினார்.

சனிக்கிழமை காலை. முருகலட்சுமி இருட்டோடு எழுந்துவிட்டாள். வாசல் தெளித்து, பால் கறந்து, பதினேழு பேருக்கு இட்லி அவித்து, ஒரு பக்கம் கிடாக்கறிக்கு மசாலும் இன்னொரு பக்கம் பொங்கலுக்கு அரிசியுமாக நின்றாள். தவசி புது வேட்டி கட்டி, கல்லுக்காலுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சார்ஜருக்கு ஒரு முழம் கதம்பத்தைச் சுற்றினார். பால்சாமி வீட்டு ஒன்பது பேரும் எட்டு மணிக்கே வந்து வரிசையாக உட்கார்ந்து, காப்பி முடித்து, அடுத்தது என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னச்சாமி மூன்று பேர் என்று சொல்லிவிட்டு ஐந்து பேராக வந்திருந்தார்.

“பத்தொம்போது” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

பத்து மணிக்குக் கார் வந்தது. சத்தமில்லாமல், பூனை மாதிரி. ரேணுகா இறங்கினாள். கொலுசுச் சத்தம் கேட்டதுமே தவசிக்குக் கண் கலங்கிவிட்டது. காட்டிக்கொள்ளாமல் மாப்பிள்ளை பக்கம் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“இறங்காதீக மாப்ள. காரக் கொஞ்சம் முன்னாடி விடுங்க. இன்னும். இன்னும். மூக்கு உள்ள வரட்டும். ஆங், நிறுத்துங்க!”

மதன்குமார் இறங்கிப் பார்த்தார். சந்தனம், குங்குமம், கதம்பம் சுற்றிய கல். அதன் நெஞ்சில் பச்சையாக எரிகிற விளக்கு.

“என்ன மாமா இது? எந்தச் சாமி?”

“ஒங்க சாமிதான் மாப்ள! ஒங்க காரு சார்ஜரு! இனி பைபாஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். பொழுது போனா என்ன, விடிஞ்சா என்ன? நாலு நாள் இல்ல, நாப்பது நாள் இருங்க! அண்ணே, கேட்டுக்கிட்டீகளா? மருமகன் இன்னைக்கு நம்ம வீட்டுலதான் படுக்கை!”

பத்தொன்பது பேரில் பாதிப்பேர் கைதட்டினார்கள். பால்சாமி வேறெங்கோ பார்த்தார். தவசிக்கு ரெண்டு நாள் அலுப்பும் பறந்துபோனது. சுற்றி வைத்த ஒயரைப் பிரித்து, காருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கோகுல் சொல்லிக்கொடுத்தபடி சொருக ஆரம்பித்தார். காருக்கும் கல்லுக்கும் நடுவில் அவர் உட்கார்ந்திருப்பது அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்குத் தெரியாது.

மதன்குமார் மாமனாரைத் தேடினார். காணவில்லை. சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வியர்வையோடு செட்டு வாசலுக்கு வந்த மாமியாருக்குப் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“என்ன அத்தை இப்பிடி ஆயிப்போச்சு? சார்ஜு நிக்காதுன்னு சொல்லிட்டுப் பொழுதோட கெளம்பிருங்கன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீக... இனிமே நான் என்னத்தச் சொல்லிட்டுக் கெளம்ப?”